ஓதம்

எங்கே போனாலும் அப்பா முதலில் சுவரில் கை வைப்பார். தேவனாம்பட்டினத்தில் மிச்சம் நிற்கும் கோட்டைச் சுவரானாலும் சரி, புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையானாலும் சரி, உள்ளங்கையை விரித்து, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல வைப்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். அப்புறம் "நல்லா கட்டியிருக்கான்" என்பார். அவர் சொல்லும் அந்த 'அவன்' கவர்னரும் இல்லை, அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷும் இல்லை, பேர் தெரியாத ஏதோ ஒரு கொத்தனார். பத்துப் பன்னிரண்டு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கடலூர் முதுநகரில் இருந்த எங்கள் வீடு விழுந்ததற்கு அப்புறம்தான் இந்தப் பழக்கம் வந்தது என்பது மட்டும் தெரியும். அதனாலேயே கேட்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார்கள். நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில். நடுவில் இருபத்தைந்து கிலோமீட்டர் சுமார்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது எங்கேயாவது வெளியே போவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தூரமாக இல்லை, காலையில் கிளம்பினால் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடும் தூரம். அம்மா புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வருவாள், தூக்கில் மோர் இருக்கும். பிச்சாவரம், பறங்கிப்பேட்டை, அரிக்கமேடு, வீராம்பட்டினம், திருவந்திபுரம் மலை என்று போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவோம். உறவுக்காரர்கள் வந்தால் எல்லோரும் புதுச்சேரிக்குத்தான் போகவேண்டும் என்பார்கள். "கடலூர்ல என்ன இருக்கு பார்க்க?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனம் கசந்துபோயிருக்கிறது. இருக்கிறது. நின்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

தேவனாம்பட்டினம் கோட்டைக்குப் போன அன்று என் மகன், அப்போது அவனுக்கு எட்டு வயது, "கோட்டை எங்கம்மா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், முள்ளுக்கும் செடிக்கும் நடுவில் சிதைந்த சில செங்கல் சுவர்கள், அவ்வளவுதான். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கிய கோட்டை இது. வாங்கும்போது கோட்டையோடு சுற்றியுள்ள நிலத்தையும் சேர்த்து வாங்கினார்கள். எதுவரை என்பதற்கு அளவு, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம். சுட்டார்கள், விழுந்த இடம் வரை அவர்களுடையது. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் விழுந்தது. குண்டு உப்பலவாடி என்ற பெயரை இன்றும் பேருந்துப் பலகையில் படித்துக்கொண்டு போகிறோம், அது எந்தக் குண்டு என்று யோசிப்பதில்லை. 1746-ல் மதராஸ் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது ஆங்கிலேயருக்குத் தென்னாட்டில் தலைநகரமாக இருந்தது இந்த இடம்தான். கிளைவ் இங்கே கவர்னராக இருந்திருக்கிறார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து, அரண்களை இடித்துத் தள்ளினார். இதையெல்லாம் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா சுவரில் கை வைத்து நின்றார். "கடலுக்கு இவ்ளோ கிட்டக்க இருந்தும் பாரு, காரை இன்னும் புடிச்சுக்கிட்டு நிக்குது."

அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி என் மனதில் முதலில் விழுந்தது. இடித்துப் போட்டு 250 வருடத்துக்கு மேல் ஆகிறது. 2004 சுனாமி இந்தத் தேவனாம்பட்டினத்தை எப்படிப் புரட்டிப் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும். 2011 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. இந்தச் சுவர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க முதுநகரில், கூரையோடு, கதவோடு, ஆட்களோடு இருந்த எங்கள் வீட்டின் சுவர் எப்படி அதே புயலில் விழுந்தது? கேட்டுவிட்டேன். "நம்ம வீட்டைப் புயல் தள்ளிடுச்சும்மா" என்றார் அப்பா. அதுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் பதில். எனக்கு அது அன்றிலிருந்து போதவில்லை.

கிழக்குச் சுவர்

வீட்டைக் கட்டியது தாத்தாவின் அப்பா. தெருவைப் பார்த்த திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தின் மேல் குறுக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சின்னச் சின்னச் செங்கல்லைச் சாய்வாகக் குத்துக்கல்லாக வைத்துச் சுண்ணாம்பில் பிடித்து, மேலே செங்கல் ஜல்லிக் கலவை, அதற்கும் மேலே தட்டை ஓடு. கூடத்தில் படுத்து அந்தக் கட்டைகளை எண்ணிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். சித்திரை வெயிலிலும் அங்கே விசிறி தேவைப்படாது.

தாத்தா போனபின் பாகம் பிரித்தார்கள். மேற்குப் பாதி பெரியப்பாவுக்கு, கிழக்குப் பாதி எங்களுக்கு. முற்றத்தின் நடுவில் ஒரு குட்டைச் சுவர் எழுந்தது, மற்றபடி சண்டை ஒன்றும் இல்லை. எங்கள் பாதியின் கிழக்குச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஓதம் ஏறும். மழைக்காலத்தில் கறுக்கும், வெயில் வந்தால் வெளுக்கும், கொஞ்சம் காரை உதிரும். அப்பாவின் அம்மா, எங்கள் ஆயா, இருந்தவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்புக் காரையை அப்பிவிட்டு வெள்ளையடித்துவிடுவார்கள். அது ஒரு வேலையாகவே யாருக்கும் தோன்றியதில்லை, பானைக்குப் பொட்டு வைப்பது போல வருடத்துக்கு ஒருமுறை செய்வது.

1997 மழைக்கு அப்புறம் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. எனக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியிருந்தார்கள், வந்து போகும் மனிதர்கள் உதிர்ந்த சுவரைப் பார்ப்பார்களே என்று இருந்தது அவருக்கு. தெரிந்த ஒருவர், பொறியாளர்தான், "காரை எல்லாம் சுரண்டிட்டு சிமெண்ட் பூசிடுங்க சார், நூறு வருஷம் நிக்கும்" என்றார். ஆயா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "காரைக்குக் காரையப் பூசுடா" என்றாள். "வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பும் சுவத்துக்குப் போடறதும் ஒரே வயித்துல பொறந்தது. சிமெண்டு வேற சாதி, சேராது." உப்பனாற்றங்கரையில் கிளிஞ்சலைக் குவித்துச் சுட்ட காளவாயை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். கிளிஞ்சலைச் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, மாடு கட்டி இழுக்கும் செக்கில் மணலோடு அரைத்த காரை அது. பதத்துக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர். கிழவி பேச்சு என்று விட்டுவிட்டோம். நானும் அப்பா பக்கம்தான் நின்றேன்.

சிமெண்ட் பூசிய சுவர் இரண்டு வருடம் அழகாக இருந்தது. மூன்றாவது வருடம் ஓதம் நெஞ்சு உயரத்துக்கு ஏறியது. இடுப்பில் நின்றிருந்தது எப்படி நெஞ்சுக்கு வந்தது என்று அப்போது யாருமே யோசிக்கவில்லை. பெயிண்ட் கொப்புளமாக எழும்பியது, விரலால் அழுத்தினால் உள்ளேயிருந்து பஞ்சு போல உப்பு கொட்டும். அதன்மேல் ஏதோ நீர் புகாத பூச்சு, அதன்மேல் மறுபடி பெயிண்ட். கடைசியில் 2006-ல் தோள் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினோம். கழுவினால் பளிச்சென்று இருந்தது. பெரியப்பாவும் அதைப் பார்த்துத் தன் பக்கத்தில் ஒரு சுவருக்கு ஒட்டினார். ஆயா அதற்குள் போய்விட்டிருந்தாள்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை. காற்று எப்படி அடித்தது என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பண்ருட்டி பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு போன காற்று. அம்மாவும் அப்பாவும் பெரியப்பா வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கிழக்குச் சுவர் நடுவில் வயிறு தள்ளி, அப்படியே சரிந்தது. உத்திரம் ஒருபக்கம் இறங்கியது. யாருக்கும் அடியில்லை. மூன்று நாள் கழித்து நான் போனபோது டைல்ஸ் எல்லாம் உடையாமல், தகடு தகடாக சிமெண்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதன் பின்னால் இருந்த செங்கல்தான் இல்லை. ஈர மண்ணாக இருந்தது. அதைப் பார்த்தேன், எடுத்துக் கையில் பிசைந்தும் பார்த்தேன். ஆனால் அது எனக்கு என்ன சொன்னது என்று அன்று புரியவில்லை. இடத்தை விற்றோம். இப்போது அங்கே இரண்டு மாடிக் கட்டடம், கீழே கடை. பெரியப்பா பாதி மட்டும் பக்கத்தில் நிற்கிறது, தோளை இழந்த மனிதர் மாதிரி.

பார்த்த வீடுகள்

அதற்கப்புறம் தொடங்கியதுதான் இந்த ஞாயிற்றுக்கிழமைகள். பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் அப்பாவுக்கு, அது ரோமாபுரியோடு செய்த வியாபாரத்தில் அவ்வளவு நாட்டமில்லை. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியதையும், ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்ததையும் நான் சொல்லச் சொல்லத் தலையாட்டுவார். அவர் கண் முழுக்க அங்கே நிற்கும் செங்கல் தூண்கள் மேல்தான் இருக்கும். அவை ரோமானியர் காலத்தவை இல்லை, 1770-களில் பிரெஞ்சுப் பாதிரிமார் நடத்திய குருமடத்தின் மிச்சம். கூரை போய்விட்டது, காரை பாதி போய்விட்டது, மாமரமும் தென்னையும் சூழ்ந்துகொண்டன, ஆற்றுக்காற்று இரவும் பகலும் அடிக்கிறது, தூண்கள் நிற்கின்றன. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருக்கும் சாந்தில் கிளிஞ்சல் துணுக்கு ஒன்று முழுசாக வேகாமல் வெள்ளையாகத் தெரிந்தது. நகத்தளவுதான். அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரும்மா, ஆத்துல கெடந்தது, தூண்ல ஏறி நிக்குது."

ரங்கப்பிள்ளை மாளிகைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு ஒருமுறை போனோம். பெரிய மார்க்கெட்டின் சத்தத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு அமைதி. 1730-களில் கட்டியது. கீழே மரத்தூண்களோடு நம் ஊர்த் தாழ்வாரம், மாடியில் வெள்ளைக் காரை பூசிய பிரெஞ்சுத் தூண்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷாக இருந்த மனிதர் 1736 முதல் தினமும் எழுதிய நாட்குறிப்பை எல்லோரும் பேசுகிறோம். வந்த கப்பல், சந்தை விலை, யார் யாரை ஏமாற்றினார் என்று ஒன்றுவிடாமல் எழுதிய மனிதர். அவர் 1761 ஜனவரியில் இறந்தார். அதே மாதம், சில நாள் கழித்து நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது, ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். தப்பிய சிலவற்றில் இந்த வீடு ஒன்று. அப்பா மாடித்தூணைத் தொட்டுக்கொண்டு நின்றபோது அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. பொறாமை என்று சொல்லமாட்டேன். தன் பிள்ளையைப் பறிகொடுத்தவர் அடுத்தவர் பிள்ளையைக் கொஞ்சும்போது இருக்கும் முகம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக்கு வருகிறவர்கள் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எடுக்கட்டும். ஆனால் ஒரு பழைய வீடு நன்றாக இருக்கிறதா என்று மஞ்சள் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. குனிந்து, தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பாருங்கள். வீட்டின் ஆயுசு அங்கேதான் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் இருந்த பழைய நகராட்சி மன்றமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததே, விழும் நாள் வரைக்கும் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது கம்பீரமாகத்தான் தெரிந்தது. பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021-ல் திறந்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் அந்தச் சுவரில் அப்பா கை வைக்கவில்லை.

வைசியாள் வீதி

ஃபெஞ்சல் புயல் வந்து போன தை மாதம். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது, கடலூரில் தென்பெண்ணை வெள்ளம் தனி. ஊர் பூராவும் வீடுகள் காய்ந்துகொண்டிருந்தன. தமிழர் பகுதியில் வைசியாள் வீதி எனக்குப் பிடித்த தெரு. இரண்டு பக்கமும் தெருவை நோக்கி நீண்ட தாழ்வாரம், மரத்தூண், திண்ணை. இந்தத் தெருவைச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருதுகூடக் கிடைத்தது. அந்த ஞாயிறு அங்கே நடந்துகொண்டிருந்தோம். ஒரு வீட்டின் முன்னால் சாரம் கட்டியிருந்தது. எழுபது வயது இருக்கும் ஒரு மேஸ்திரி, திண்ணைக்கு மேலிருந்த சுவரில் உளி வைத்து சிமெண்டைக் கொத்திக்கொண்டிருந்தார். சித்தாள் ஒரு அம்மா கீழே விழுந்த சில்லுகளை அள்ளினார்.

அப்பா நின்றுவிட்டார். வழக்கம்போலக் கை நீண்டது. மேஸ்திரி திரும்பிப் பார்த்து, "அங்க வேணாங்கய்யா, ஈரம். இங்க வைங்க" என்று கொஞ்சம் தள்ளி, பழைய காரை இருந்த இடத்தைக் காட்டினார். அப்பா இரண்டிலும் மாறி மாறிக் கை வைத்தார். சிமெண்டைக் கொத்திய இடம் சில்லிட்டிருந்தது, கை ஈரமாகிவிட்டது. பழைய காரை உலர்ந்து, இளம் வெதுவெதுப்பாக இருந்தது. அதே சுவர், அதே மழை, நாலடி இடைவெளி.

"ஏன் மேஸ்திரி, சிமெண்ட் பூசின இடம்தானே தண்ணி உள்ள போகாம நல்லா இருக்கணும்?"

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்கய்யா. தண்ணி வெளியில இருந்து வந்தா சரி. இது கீழருந்து வருது. தரையில இருக்கற ஈரத்த செங்கல் உறிஞ்சிக்கிட்டே இருக்கும், விளக்குத் திரி எண்ணெய உறிஞ்சற மாதிரி. வர்ற தண்ணிக்கு வெளிய போக வழி வேணும். காரையில போயிடும். காத்து பட்டுக் காஞ்சிடும். நீங்க சிமெண்டைப் பூசி வாய அடைச்சீங்கன்னா அது எங்க போகும்? மேல ஏறும். இடுப்புல இருந்தது நெஞ்சுக்கு வரும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்க்கவில்லை.

மேஸ்திரி ஒரு சிமெண்ட் சில்லைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் வெள்ளையாக, ஊசி ஊசியாக உப்பு. "ஈரத்தோட உப்பும் வரும். காரையா இருந்தா உப்பு மேல வந்து பூக்கும், காரை உதிரும். உதிரட்டும், அதுக்குத்தான் அது இருக்கு. வருசா வருசம் கொஞ்சம் பூசிக்கிட்டா போச்சு. சிமெண்டுக்குப் பின்னால உப்பு அடைஞ்சிச்சுன்னா அது செங்கல்லத் தின்னும். முன்னால பார்த்தா கல்லு மாதிரி இருக்கும், பின்னால ஒண்ணும் இருக்காது." தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த சுண்ணாம்பைக் கரண்டியால் எடுத்துக் காட்டினார். தயிர் ஏடு போல வழுவழுவென்று இருந்தது. பதினைந்து நாளாக ஊறுகிறதாம். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் கடுக்காய்த் தண்ணீர், புளித்த வாடை. ஆயா வீட்டுப் பின்கட்டின் வாடை அது. எனக்கு அவளே அங்கே நிற்பது போல இருந்தது.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டைல்ஸ் ஒட்டினா?"

"அது இன்னும் மோசங்கய்யா. சுவரு செத்துடும்."

சரி என்று தலையாட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார். மேஸ்திரிக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. அவர் மறுபடி உளியை எடுத்துக்கொண்டார்.

பாரதி பூங்காவில் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நடுவில் ஆயி மண்டபம். என் மகன் அது யார் வீடு என்று கேட்க, அம்மா அந்தக் கதையைச் சொன்னாள். ஆயி ஒரு தாசி. அவள் வீட்டில் விளக்கெரிவதைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார் கிருஷ்ணதேவராயர். யார் வீடு என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னார். நானே இடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கி, வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். பின்னாளில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அவள் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது. கதை முடிந்ததும் மகன், "தன் வீட்டைத் தானே இடிச்சாளா பாட்டி?" என்றான்.

அப்பா கையில் இருந்த சோற்றைத் தட்டில் வைத்தார். "அவ தெரிஞ்சு இடிச்சா" என்றார். "நான் தெரியாம இடிச்சேன்."

யாரும் பேசவில்லை. அம்மா மோரை எடுத்து அவர் டம்ளரில் ஊற்றினாள். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் செய்தார்கள், படித்த பொறியாளரே சொன்னார், புயல் எப்படியும் வந்திருக்கும், நானும்தானே அப்பா உங்கள் பக்கம் பேசினேன். எல்லாம் தொண்டை வரை வந்தது. அதில் ஒன்றைச் சொன்னாலும் மறுபடி சிமெண்ட் பூசுவது போல ஆகிவிடும் என்று தோன்றியது. அவர் பதின்மூன்று வருடம் கழித்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார், அது வெளியே வந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் கடற்கரையில் கருங்கல் மேல் உட்கார்ந்திருந்தோம். அப்பா தன் இளவயதில் இங்கே மணலில் படுத்திருக்கிறார். 1989-ல் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டியதும், வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே நின்றுபோனது. நகரத்தின் முன்னால் இருந்த மணலைக் கடல் தின்றது. கல்லைக் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து மீனவர் குப்பங்களைப் பிடித்துக்கொண்டது. இப்போது தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அந்த மணலில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓதம் என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் கடல் அலை என்றும் பொருள் உண்டு, ஏறி வரும் கடல்நீர் என்றும் உண்டு. நாம் அதைச் சுவரின் ஈரத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணன் வீட்டுச் சுவத்துல இன்னும் அந்த டைல்ஸ் இருக்கு" என்றார்.

அங்கிருந்தே போன் போட்டார். "அண்ணே, உங்க கூடத்துச் சுவத்துல டைல்ஸ் ஒட்டினோமே, அத எடுத்துடலாமா?" பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, காதும் மந்தம். மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. பெரியம்மா போனை வாங்கி, நல்லா இருக்கற சுவத்த எதுக்குத் தம்பி இடிக்கணும் என்று கேட்டாள். "இடிக்கல அண்ணி. திறந்து விடறோம்."

அடுத்த வாரமே வைசியாள் வீதி மேஸ்திரியைக் கடலூருக்கு அழைத்துப் போனோம். டைல்ஸும் சிமெண்டும் பெயர்ந்து வந்தபோது பின்னால் ஈரமண் வாடை கூடத்தை நிறைத்தது. எங்கள் சுவர் போல அவ்வளவு மோசமில்லை. கீழ் மூன்று வரிசைச் செங்கல் மட்டும் பொடிந்திருந்தது, அவற்றை மாற்றவேண்டும் என்றார். அதற்கு மேல் நன்றாக இருந்தது. காரை பூச எப்போது வருவீர்கள் என்று அப்பா கேட்டார். மேஸ்திரி சிரித்தார். "இப்ப பூசக்கூடாதுங்கய்யா. கோடை முழுக்க இப்படியே கெடக்கட்டும். உள்ள இருக்கறது எல்லாம் வெளிய வரட்டும். உப்பு பூக்கும், தண்ணி விட்டுக் கழுவிடாதீங்க, மறுபடி உள்ள போயிடும். வெளக்கமாத்தால காயக் காயக் கூட்டி அள்ளுங்க. ஆடி கழிச்சு வரேன்."

பெரியம்மாவுக்கு அந்த மொட்டைச் சுவர் பிடிக்கவில்லை. விருந்தாளி வந்தால் அதன்மேல் ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறாள், அவர்கள் போனதும் அப்பா வந்து எடுத்துவிடுகிறார். வாரம் ஒருமுறை மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி முதுநகர் போகிறார். கையோடு தென்னந்துடைப்பமும் முறமும் எடுத்துப் போகிறார், பெரியம்மா வீட்டு முறத்தைக் கெடுக்கவேண்டாம் என்று. முதலில் சுவரில் கை வைக்கிறார், அப்புறம் கூட்டுகிறார். மாசியில் முதல் தடவை கூட்டியபோது ஒரு முறம் நிறைய உப்பும் செங்கல் தூளும் வந்தது. போன ஞாயிறு கால் முறம்தான் என்று போனில் சொன்னார். இந்த ஞாயிறு நானும் போகிறேன்.